வெற்றிக்கும் வித்தியாசத்துக்கும் நடுவே: அமெரிக்கக் கூடைப்பந்தில் புள்ளி இடைவெளிப் பந்தயம்

அமெரிக்கக் கூடைப்பந்தில் 1940-களிலிருந்து வேரூன்றிய பந்தய முறை எந்த அணி வெல்லும் என்று கேட்பதில்லை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்றே கேட்கிறது. ஆட்டத்துக்கு முன்பே பந்தயத் தரகர் ஓர் எண்ணை அறிவிக்கிறார். அந்த எண் 7 என்றால், வலிய அணி 7 புள்ளிகளை விட்டுக்கொடுத்துவிட்டுக் களமிறங்குவதாகவும், எளிய அணி அதே 7 புள்ளிகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதாகவும் பந்தயக் கணக்கில் மட்டும் கொள்ளப்படுகிறது. 'பாயின்ட் ஸ்பிரெட்' எனப்படும் இந்த எண்ணைத் தமிழில் புள்ளி இடைவெளி எனலாம். வலிய அணி 100-க்கு 95 என்று வென்றால் மறுநாள் செய்தித்தாளில் அது வெற்றி. அதன் மீது பணம் கட்டியவருக்கோ தோல்வி, ஏனெனில் 7 புள்ளிகளைக் கழித்தால் அந்த அணிக்கு மிஞ்சுவது 93-தான். வித்தியாசம் சரியாக 7 என்றே அமைந்துவிட்டால் இரு தரப்பாருக்கும் கட்டிய பணம் திரும்பிவிடும். களத்தில் அரைப் புள்ளி எடுக்க யாராலும் முடியாது என்பதால், அந்தச் சமநிலையைத் தவிர்க்க ஏழரை, ஐந்தரை என்று எண் சொல்லும் வழக்கமும் உண்டு. ஆட்டத்தின் முடிவு ஒன்று, பந்தயத்தின் முடிவு வேறொன்று என்னும் இந்தப் பிரிவிலிருந்துதான் அந்நாட்டுக் கூடைப்பந்தின் மிகப் பெரிய ஊழல்கள் பிறந்தன. அவற்றுக்கான தண்டனை பெரும்பாலும் பணத்தின் பெரும்பங்கைப் பார்க்காதவர்களின் தலையிலேயே விழுந்தது.

இந்த முறைக்கு முன்பிருந்தது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்த விகித முறை. வெல்லும் வாய்ப்பு மிகுந்த அணியின் மீது 6 டாலர் கட்டினால் 1 டாலர்தான் லாபம். வாய்ப்புக் குறைந்த அணியின் மீது 1 டாலர் கட்டினால் 4 அல்லது 5 டாலர் லாபம். பல குதிரைகள் ஓடும் பந்தயத்துக்கு இது பொருந்தும். இரண்டே அணிகள் மோதும் ஆட்டத்தில், அதுவும் ஒன்று மற்றதைவிட வெகுவாக உயர்ந்ததாக இருக்கும்போது, இம்முறை தடுமாறியது. அற்ப லாபத்துக்காகப் பெரும் பணத்தை முடக்க யாரும் விரும்பவில்லை. எதிர்பாராத விதமாக எளிய அணி வென்றுவிட்டால் தரகரே திவாலாகும் நிலையும் இருந்தது. ஆகவே ஏற்றத்தாழ்வு மிகுந்த ஆட்டங்களுக்குத் தரகர்கள் பந்தயமே வாங்காமல் ஒதுங்கினர். பருவம் முழுவதும் நடக்கும் ஆட்டங்களில் கணிசமானவை இத்தகையவை என்பதால், அந்த ஒதுக்கம் அவர்களுக்குப் பெரிய வருமான இழப்பாக இருந்தது.

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் சார்லஸ் மெக்நீல். கணக்கு ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் சிகாகோவில் பங்குப் பத்திரங்களை ஆராயும் வேலையிலும் இருந்த இவர், தம் கணிப்புத் திறனைப் பந்தயத்தில் காட்டி, 1940-களில் தாமே பந்தயம் வாங்கும் தொழிலைத் தொடங்கி, அதில் புள்ளி வித்தியாசத்தை அடிப்படையாக வைத்தார். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் தொழில் நடத்திய எட் கர்ட் என்பவருக்கும் இதே பெருமையைக் கொடுப்பவர்கள் உண்டு. சட்டத்துக்கு மறைவாக நடந்த தொழிலில் கணக்கேடுகள் பாதுகாக்கப்படுவதில்லை. ஆகவே முதல் உரிமை யாருக்கு என்ற கேள்வியைவிட, அந்த எண் எவ்வாறு நாடெங்கும் ஒரே எண்ணாகப் பரவியது என்ற கேள்வியே வரலாற்றுக்குப் பயன்படுவது.

அதற்கான விடை மினியாபொலிஸ் நகரில் இருக்கிறது. லியோ ஹிர்ஷ்ஃபீல்ட் என்பவர் அங்கு நடத்திய அத்லெட்டிக் பப்ளிகேஷன்ஸ் என்னும் நிறுவனம், அணிகளின் நிலை, காயங்கள், பயணம் ஆகியவற்றைத் திரட்டி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எண்ணை வகுத்து, அச்சிட்ட தாள்களின் வழியாகவும் தொலைபேசி வழியாகவும் சந்தா கட்டிய தரகர்களுக்கு வழங்கியது. 'மினியாபொலிஸ் லைன்' என்று பெயர் பெற்ற அந்த எண்தான் நாடெங்கும் மறைவாகத் தொழில் நடத்திய தரகர்களுக்கு அடிப்படை விலையாக அமைந்தது. தொடக்கத்தில் அது ஒற்றை எண்ணாக இல்லாமல் 6–8 என்பதுபோல் இரட்டை எண்ணாகச் சொல்லப்பட்டது. வலிய அணியின் மீது கட்டுகிறவர் 8 புள்ளிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். எளிய அணியின் மீது கட்டுகிறவருக்கோ 6 புள்ளிகள்தான் கிடைக்கும். வித்தியாசம் சரியாக 7 என்று அமைந்தால் இரு தரப்புப் பணமும் தரகருக்கே போய்விடும். கட்டுகிறவர்கள் கூட்டமாக வெறுக்கக்கூடிய ஏற்பாடு இது. நாளடைவில் அது மறைந்து, ஒரே எண்ணும் அதனோடு 11-க்கு 10 என்னும் விலையும் நிலைபெற்றன.

அந்த 11-க்கு 10 என்னும் விலையில்தான் தொழிலின் உயிர் இருக்கிறது. எந்தப் பக்கம் கட்டினாலும் 110 டாலர் கட்டினால் 100 டாலர்தான் லாபம். ஒரே ஆட்டத்தில் இருவர் எதிரெதிர்ப் பக்கங்களில் 110 டாலர் வீதம் கட்டினால் தரகரிடம் சேர்வது 220 டாலர். வென்றவருக்கு அவர் திருப்பித் தருவது 210 டாலர். எஞ்சும் 10 டாலர் அவருடைய கமிஷன். அது மொத்தப் பணத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாலரை. எந்த அணி வென்றாலும் தரகருக்குக் கவலை இல்லை. இரு பக்கமும் பணம் ஏறத்தாழச் சமமாக வந்து சேர வேண்டும் என்பதே அவருடைய கவலை. ஒரு பக்கம் பணம் குவிந்தால் எண்ணை ஆறரையிலிருந்து 7-க்கு, 7-லிருந்து ஏழரைக்கு நகர்த்தி மறுபக்கத்தின் பணத்தை ஈர்ப்பார். பந்தயம் கட்டுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், 100 பந்தயங்களில் 50-ஐச் சரியாகச் சொன்னாலும் அவருக்கு நட்டமே. நட்டமின்றி நிற்பதற்கே 52 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வெல்ல வேண்டும். அந்த இரண்டே விழுக்காட்டைத் தாண்டத்தான் கணிப்பு, கணினி, உளவு, லஞ்சம் ஆகிய எல்லா முயற்சிகளும் பின்னாளில் நடந்தன.

1891-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த கூடைப்பந்து இந்த முறைக்கு மற்ற விளையாட்டுகளைவிட இணக்கமாக அமைந்தது. கால்பந்தில் ஓர் ஆட்டம் முழுவதும் இரண்டு மூன்று கோல்களே விழும். கூடைப்பந்திலோ புள்ளிகள் ஒன்றும் இரண்டுமாக ஓயாமல் ஏறிக்கொண்டே இருப்பதால், வித்தியாசமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்; முடிவு தெளிவாகிவிட்ட ஆட்டத்தில்கூட 8 புள்ளிகளா 6 புள்ளிகளா என்ற கேள்வி கடைசி மணி வரை உயிரோடிருக்கும். அதே காரணத்தால் அது ஊழலுக்கும் இணக்கமாக அமைந்தது. களத்தில் ஓர் அணிக்கு ஐவரே ஆடுகின்றனர். அவர்களில் ஒருவர் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைத் தவறவிட்டு, எதிராளியை ஒருமுறை அரை அடி தாமதமாக மறித்தாலே வித்தியாசம் 4 புள்ளிகள் சுருங்கிவிடும். அதைப் பார்ப்பவர் யாரும் வேண்டுமென்றே செய்ததென்று சொல்லிவிட முடியாது.

இந்த இரு தன்மைகளும் ஒன்றாக வெளிப்பட்ட களம் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். விளையாட்டுச் செய்தியாளராக இருந்த நெட் ஐரிஷ் 1934 டிசம்பரில் அங்குக் கல்லூரி அணிகளின் ஆட்டங்களை ஒரே மாலையில் இரண்டு என்ற கணக்கில் நடத்தத் தொடங்கினார். முதல் மாலையிலேயே 16,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அதுவரை கல்லூரி உடற்பயிற்சிக் கூடங்களில் ஆடப்பட்ட விளையாட்டு நகரத்தின் நடுவில் பெரும் வணிகமாக மாறியது. 1940-களின் நடுப்பகுதியில் புள்ளி இடைவெளி பரவியபின், கார்டனின் இருக்கைகளிலிருந்து எழுந்த ஆரவாரத்தின் பொருளே மாறிப்போனது: உள்ளூர் அணி 10 புள்ளி முன்னிலையில் இருக்க, வெற்றி உறுதியாகிவிட்ட கடைசி நொடிகளில் எதிரணி எறிந்த பயனற்ற ஒரு பந்து கூடையில் விழுந்ததற்கு அரங்கின் ஒரு பாதி துள்ளிக் குதித்ததும் மறுபாதி வசைபாடியதும் அக்காலத்து எழுத்துகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. மேல்தட்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த எண் தெரிந்திருந்ததென்றால், களத்தில் ஆடிய இளைஞர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது.

முதல் எச்சரிக்கை 1945 ஜனவரியில் வந்தது. புரூக்ளின் கல்லூரி அணியின் ஐந்து ஆட்டக்காரர்கள் ஓர் ஆட்டத்தில் தோற்பதற்குப் பணம் வாங்கியதை ஒப்புக்கொண்டனர். ஊதியமற்ற விளையாட்டில் லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் நியூயார்க்கில் அதன் பிறகே வந்தது. ஆனால் அந்த இளைஞர்கள் பழைய வழியில், தோற்பதற்கு விலைபோனவர்கள். புதிய வழி அதைவிட நுட்பமானது. 'பாயின்ட் ஷேவிங்', அதாவது வெற்றியை விட்டுவிடாமல் அதன் வித்தியாசத்தை மட்டும் சீவிக் குறைத்தல் என்பது அதன் பெயர். 12 புள்ளிகளில் வெல்ல வேண்டிய அணி 5 புள்ளிகளில் வெல்கிறது. கல்லூரிக்கு வெற்றி, பயிற்சியாளருக்கு மகிழ்ச்சி, ஆட்டக்காரருக்குக் கல்லூரிக் கட்டணம்கூடக் கட்ட முடியாத வீட்டுச் சூழலில் 500 அல்லது 1,000 டாலர், எளிய அணியின் மீது கட்டியிருந்த சூதாடிக்குப் பல்லாயிரம். தோற்கச் சொன்னால் மறுத்திருக்கக்கூடிய ஓர் இளைஞரிடம், யாருக்கும் கெடுதல் இல்லை, நீ வென்றுகொண்டே இரு என்று சொல்ல முடிந்ததுதான் இந்த முறையின் கொடுமை. பழைய சூதாடியால் நேர்மையற்றவரை மட்டுமே வாங்க முடிந்தது. புள்ளி இடைவெளி, தம்மை நேர்மையானவர் என்று நம்பிக்கொண்டிருந்தவரையும் வாங்க வழி செய்தது.

இந்தப் பேச்சுக்கு மயங்காதவரால்தான் உண்மை வெளிவந்தது. ஜூனியஸ் கெல்லாக், மன்ஹாட்டன் கல்லூரி அணியில் ஆடிய முதல் கறுப்பின ஆட்டக்காரர், வர்ஜீனியாவிலிருந்து வந்தவர், ராணுவத்தில் பணியாற்றிவிட்டு, கல்லூரி அருகே ஐஸ்கிரீம் போன்ற கஸ்டர்ட் விற்கும் கடையில் குறைந்த கூலிக்கு வேலை செய்தபடி படித்தவர். 1951 ஜனவரியில், முந்தைய பருவத்தின் அணித் தலைவர்களில் ஒருவர் அவருடைய அறைக்கு வந்து, டீபால் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் வித்தியாசத்தைக் கட்டுப்படுத்த 1,000 டாலர் தருவதாகச் சொன்னார். எப்படிச் செய்வதென்ற பாடமும் சேர்ந்தே வந்தது: ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, முழு மூச்சோடு எழும்பாதே, பந்தைத் தலைக்கு மேல் வளைத்தெறியும் ஹூக் ஷாட்டைச் சற்று வேகமாக எறி. ஊரிலுள்ள குடும்பத்துக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்பதை அறிந்தும் கெல்லாக் நேரே பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். பயிற்சியாளர் அவரை மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றார். ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கெல்லாக் மீண்டும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டார். ஆட்டம் நடந்தது, மன்ஹாட்டன் வென்றது, கைதுகள் தொடங்கின.

அடுத்த மாதம் நியூயார்க் சிட்டி கல்லூரியின் முன்னணி ஆட்டக்காரர்கள் மூவர், ஃபிலடெல்ஃபியாவில் ஆடிவிட்டு ரயிலில் திரும்பியபோது பென் நிலையத்தில் கைதாயினர். கட்டணம் இல்லாமல் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு தந்த அந்தக் கல்லூரி, 1950 மார்ச்சில் நாட்டின் இரு பெரும் கல்லூரிப் போட்டித் தொடர்களையும் ஒரே ஆண்டில் வென்றிருந்தது. அந்தச் சாதனையை அதற்கு முன்போ பின்போ வேறெந்த அணியும் செய்ததில்லை. யூத, கறுப்பின இளைஞர்கள் தோளோடு தோள் நின்று வென்ற அந்த அணியை நகரமே தலையில் வைத்துக் கொண்டாடியிருந்ததால், இடி இன்னும் பலமாக விழுந்தது. லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்தின் ஷெர்மன் வைட் அப்போது நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்துவந்த கல்லூரி ஆட்டக்காரர். அவருக்கு ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது, தொழில்முறைச் சங்கமான என்பிஏ-வின் கதவு நிரந்தரமாக அடைபட்டது. பணத்தை ஏற்பாடு செய்த நகை வணிகர் சால்வடோர் சொலாஸோ நீண்ட சிறைத் தண்டனை பெற்றார். ஹோகன் அலுவலகத்தின் கணக்குப்படி 1947 முதல் 1950 வரை 7 கல்லூரிகளைச் சேர்ந்த 32 ஆட்டக்காரர்கள் 86 ஆட்டங்களில் இந்த வலையில் சிக்கியிருந்தனர்.

இது நியூயார்க்கின் நோய், பெருநகரத்தின் அழுக்கு என்று மற்ற பகுதிகள் கூறிக்கொண்டிருந்தது சில மாதங்களே நீடித்தது. சூதாடிகளால் தம் பிள்ளைகளை நெருங்கவே முடியாது என்று கென்டக்கி பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் அடால்ஃப் ரப் பெருமையோடு சொன்ன சிறிது காலத்தில், 1951 அக்டோபரில், அவருடைய முன்னாள் ஆட்டக்காரர்களான ரால்ஃப் பியர்டும் அலெக்ஸ் குரோஸாவும் கைதாயினர். இருவரும் 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்கள். 1949-இல் லயோலா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் குறைந்த வித்தியாசத்தில் வெல்லத் திட்டமிட்ட அவர்களுடைய அணி, நழுவவிட்ட ஆட்டத்தை மீட்க முடியாமல் தோற்றே போயிருந்தது. வித்தியாசத்தை மட்டும் விற்றுவிட்டு வெற்றியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை எத்தனை பொய்யானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்த வழக்குகளில் இல்லை. வழக்கை விசாரித்த நீதிபதி சால் ஸ்ட்ரெய்ட், ஆட்டக்காரர்களை மட்டும் குறைசொல்லி நிற்கவில்லை. தகுதியற்றவர்களையும் ஆட்டத்துக்காகச் சேர்த்துக்கொண்டு, கல்வியை வணிகமாக்கிய கல்லூரி நிர்வாகங்களைக் கடுமையாகக் கண்டித்தார். கென்டக்கி அணி 1952–53 பருவம் முழுவதும் ஆடவில்லை. ஆனாலும் அரங்க உரிமையாளரோ, நுழைவுச் சீட்டு விற்றுச் செழித்த கல்லூரித் தலைவரோ சிறைக்குப் போகவில்லை.

தொழில்முறைக் கூடைப்பந்து இந்தப் புயலின் ஓரத்திலேயே பிறந்தது. 1946-இல் தொடங்கிய ஒரு சங்கம், 1949-இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்து நேஷனல் பாஸ்கெட்பால் அசோசியேஷன் என்னும் என்பிஏ ஆனது. அதன் தலைவர் மாரிஸ் பொடலாஃப், இண்டியானாபொலிஸ் அணியின் தூண்களாக ஆடிக்கொண்டிருந்த பியர்டையும் குரோஸாவையும் வாழ்நாள் முழுவதும் தடைசெய்தார். கல்லூரிக் காலத்தில் செய்த தவறுக்கு அவர்கள் தொழில் வாழ்வையே விலையாகக் கொடுத்தனர். 1954 ஜனவரியில் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணியின் புதுமுக ஆட்டக்காரர் ஜாக் மோலினாஸ், தம் சொந்த அணி வெல்லும் என்று பந்தயம் கட்டியதற்காக வெளியேற்றப்பட்டார். தொலைபேசியில் நியூயார்க்கிலுள்ள ஒருவரிடம் அன்றைய புள்ளி இடைவெளியைக் கேட்டறிந்து, பிறகே கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் வழக்கம் என்பது பின்னாளைய நீதிமன்றப் பதிவில் உள்ளது. வெல்வதற்குத்தானே கட்டினார், அதில் என்ன கேடு என்ற வாதம் மேலோட்டமானது. அவர் கட்டாமல் விட்ட நாள் ஒவ்வொன்றும், அணியின் உள்நிலையை அறிந்த ஒருவர் சூதாடிகளுக்குத் தரும் குறிப்பாகிவிடும். மோலினாஸ் தடையை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1961-இல் தள்ளுபடியானது. அதே ஆண்டில், பல கல்லூரிகளின் ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்கிய பெரும் வலைப்பின்னலின் மையத்தில் அவரே இருந்தது அம்பலமானது. 1963-இல் 10 முதல் 15 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்று, விடுதலையானபின் 1975-இல் லாஸ் ஏஞ்சலஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த 1961 விசாரணையின் நிழல் விழுந்த இருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு நேர்மையாகாது. புரூக்ளினின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த கானி ஹாகின்ஸ், அயோவா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர். விதிப்படி ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட இன்னும் ஆடியிராதவர். எனவே எந்தப் புள்ளியையும் யாருக்கும் குறைத்துக் கொடுத்திருக்க வழியே இல்லாதவர். மோலினாஸிடம் 200 டாலர் கடன் வாங்கியிருந்தார். அதுவும் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. இருந்தும் பல்கலைக்கழகம் அவரை அனுப்பிவிட்டது. என்பிஏ-வும் அவரைச் சேர்க்க மறுத்தது. டேட்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த ரோஜர் பிரௌனுக்கும் இதே கதி நேர்ந்தது. ஹாகின்ஸ் வழக்குத் தொடுத்து, 1969-இல் என்பிஏ சமரசத்துக்கு வந்து இழப்பீடு வழங்கியபின், 27-ஆம் வயதில்தான் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். பிரௌன் என்பிஏ-வில் ஆடியதே இல்லை. கூடைப்பந்துப் புகழ்மண்டபம் ஹாகின்ஸை 1992-இலும், இறந்து பல ஆண்டுகள் கழிந்த பிரௌனை 2013-இலும் சேர்த்துக்கொண்டது. மன்னிப்பு என்று அதைக் கொள்வதாயினும், இழந்த இளமைக்கு அது ஈடாகாது.

ஆட்டத்தின் விதிமாற்றமும் பந்தயத்தைப் பாதித்தது. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன், மினியாபொலிஸ் லேக்கர்ஸை 19–18 என்று வென்றது. ஃபோர்ட் வெய்ன் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியதன் விளைவு அது. 1954-இல் 24 நொடிக்குள் பந்தைக் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற விதி வந்தபின், ஓர் அணி எடுக்கும் சராசரிப் புள்ளிகள் ஒரே பருவத்தில் 79-லிருந்து 93-ஆக உயர்ந்தன. பார்வையாளருக்காக வந்த விதிதான் அது. ஆனால் முன்னிலையை முடக்கிவைக்க முடியாத, கடைசி வரை வித்தியாசம் அலைபாயும் ஆட்டம் புள்ளி இடைவெளிப் பந்தயத்துக்கும் தோதாக அமைந்தது.

சட்டப்படியான பந்தயத்தின் வரலாறு இதற்கு இணையாக நெவாடா பாலைவனத்தில் நடந்தது. அம்மாநிலம் 1931-இலேயே சூதாட்டத்தை அனுமதித்திருந்தாலும், 1951-இல் செனட்டர் கெஃபாவர் குழுவின் குற்ற விசாரணைகளை ஒட்டி, விளையாட்டுப் பந்தயத்தில் கட்டப்படும் தொகை முழுவதன் மீதும் கூட்டரசு 10 விழுக்காடு வரி விதித்தது. தரகரின் கமிஷனே நாலரை விழுக்காடு, வரியோ 10. நேர்மையாக வரி கட்டிப் பிழைக்க எந்த வழியும் இல்லாததால், வரி சட்டபூர்வமான கடைகளை நெரித்ததே தவிர, மறைவில் நடந்த தொழிலைத் தொடவில்லை. 1961-இல் மாநில எல்லை தாண்டித் தொலைபேசி வழியே பந்தயத் தகவல் அனுப்புவது குற்றமானதும் மினியாபொலிஸ் எண் நின்றது; எண் வகுக்கும் தொழில் லாஸ் வேகஸுக்கு இடம்பெயர்ந்தது. வரி 1974-இல் 2 விழுக்காடாகவும், 1983-இல் கால் விழுக்காடாகவும் குறைந்தது. இடையில் 1975 முதல் சூதாட்ட விடுதிகளுக்குள்ளேயே விளையாட்டுப் பந்தயக் கூடங்கள் வரத் தொடங்கின. 1976-இல் ஸ்டார்டஸ்ட் விடுதியின் கூடம் ஃபிராங்க் ரோசன்தாலின் மேற்பார்வையில் திறக்கப்பட்டது. ஒரு கல்லூரி ஆட்டக்காரருக்கு லஞ்சம் கொடுக்க முயன்ற வழக்கில் 1960-களில் தண்டிக்கப்பட்ட அதே ரோசன்தால்தான் இவர். 1980-களில் நாட்டிலேயே முதலில் எண்ணை வெளியிட்டது ஸ்டார்டஸ்ட்தான். புதிய எண் பலகையில் ஏறும் வேளையில் முதலில் கட்டுவது யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கும் அளவுக்குத் தேர்ந்த சூதாடிகள் அங்கே வரிசையில் நின்றனர். அவர்கள் கட்டக் கட்ட எண் நகரும்; ஒரு மணி நேரத்தில் அது படியும் இடமே நாடெங்கும் அன்றைய எண்ணாகும்.

என்பிஏ நிர்வாகம் இதையெல்லாம் வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தது. நியூயார்க் நிக்ஸ் அணியில் ஆடி இருமுறை பட்டம் வென்று, பின்னர் நியூ ஜெர்சியின் செனட்டரான பில் பிராட்லி முன்னின்று கொண்டுவந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கெனவே அனுமதித்திருந்த நெவாடா முதலிய சில மாநிலங்கள் நீங்கலாக, விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிப்பதைத் தடுத்தது. இளைஞர்களைக் காக்கும் அவருடைய எண்ணம் உண்மையானது. ஆனால் தடை நிலவிய ஆண்டுகளில்தான் என்பிஏ-வின் மிக மோசமான ஊழல் நிகழ்ந்தது.

அதற்குள் ஆட்டக்காரர்களின் ஊதியம் கோடிகளில் ஏறியிருந்தது; 1,000 டாலருக்கோ 10,000 டாலருக்கோ முன்னணி ஆட்டக்காரரை வாங்கும் காலம் போய்விட்டது. பணம் அடுத்த மலிவான கையைத் தேடியது. 13 பருவங்கள் நடுவராக இருந்த டிம் டோனகி, தாம் நடுவராக நின்ற ஆட்டங்கள் உட்பட என்பிஏ ஆட்டங்களில் பந்தயம் கட்டியதையும், சரியான கணிப்பு ஒன்றுக்கு முதலில் 2,000 டாலர், பின்னர் 5,000 டாலர் வீதம் பெற்றுக்கொண்டு சூதாடிகளுக்குத் தகவல் கொடுத்ததையும் 2007-இல் ஒப்புக்கொண்டார். 2008-இல் 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வேண்டுமென்றே ஊதல் ஊதி வித்தியாசத்தை மாற்றினார் என்பதை விசாரணை நிறுவவில்லை. அவரும் அதை மறுத்தார். ஆயினும், ஓர் ஆட்டத்துக்கு எந்த மூன்று நடுவர்கள் என்பது அக்காலத்தில் ரகசியமாக வைக்கப்பட்டிருந்ததே அவர் விற்ற சரக்கின் முக்கியப் பகுதி. எந்த நடுவருக்கு எந்த ஆட்டக்காரரோடு பிணக்கு, யார் அதிகம் ஊதுவார் என்பதை அறிந்தவருக்கு அந்தப் பட்டியலே பணம். ஊழலுக்குப் பின் என்பிஏ செய்த சீர்திருத்தங்களில் சிறந்தது மிக எளியது: நடுவர்களின் பெயரை ஆட்ட நாளின் காலையிலேயே எல்லோருக்கும் அறிவித்துவிடுவது.

தடையால் மறைவுச் சந்தையே வளர்கிறது என்ற கருத்துக்கு 2014-இல் என்பிஏ ஆணையர் ஆடம் சில்வர் வெளிப்படையாக வந்து சேர்ந்தார். 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நியூ ஜெர்சி செய்த மேல்முறையீட்டில், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. சில வாரங்களிலேயே டெலவேரும் நியூ ஜெர்சியும் கடை திறந்தன. பந்தயம் கைபேசிக்கு வந்தது. பந்தய நிறுவனங்களே என்பிஏ-வின் விளம்பரக் கூட்டாளிகளாயின. முக்கால் நூற்றாண்டுக் காலம் ஓர் ஆட்டத்துக்கு ஓர் எண் என்றிருந்தது, ஓர் ஆட்டக்காரருக்கு ஐந்தாறு எண்கள் என்று பெருகியது. இவர் இன்று ஐந்தரைப் புள்ளிக்கு மேல் எடுப்பாரா கீழா, நாலரை ரீபவுண்டுக்கு மேலா கீழா என்பவை அவை. ஐவரில் ஒருவரை வாங்கினால் வித்தியாசம் மாறலாம் என்ற நிலை போய், அந்த ஒருவரே பந்தயம் என்ற நிலை வந்தது. கிரிக்கெட்டில் தமிழ் வாசகர்கள் அறிந்த ஸ்பாட் ஃபிக்சிங்கின் தர்க்கமும் இதுவே.

விளைவு 2024-இல் தெரிந்தது. டொராண்டோ ராப்டர்ஸ் அணியின் ஜான்டே போர்ட்டர், என்பிஏ-வுக்கும் அதன் கீழ்நிலைத் தொடருக்கும் இடையே மாறி மாறி ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் இருந்தவர். அத்தகையோரின் ஊதியம் புதுமுகத்துக்கான குறைந்தபட்ச ஊதியத்தில் பாதி. சூதாட்டக் கடனில் சிக்கியிருந்த அவர், ஜனவரி 26 அன்று கண்ணில் காயம் என்று 4 நிமிடங்களிலும், மார்ச் 20 அன்று உடல்நிலை சரியில்லை என்று 3 நிமிடங்களுக்குள்ளும் களத்தை விட்டு வெளியேறினார். அவர் குறைந்த புள்ளிகளே எடுப்பார் என்று பணம் கட்டியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. மார்ச் 20 அன்று ஒருவர் கட்டிய 80,000 டாலருக்கு 11 லட்சம் டாலர் கிடைத்திருக்க வேண்டும்; பந்தய நிறுவனம் சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்தியது. ஏப்ரல் 17 அன்று என்பிஏ அவரை வாழ்நாள் தடைசெய்தது. ஜூலையில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

பொடலாஃப் காலத்திலிருந்து எந்த ஊழலுக்கும் முதல் மருந்தாகக் கையாளப்பட்டது ஆட்டக்காரரை வெளியேற்றுவதுதான். இம்முறை அதனோடு வேறொன்றும் நடந்தது. 2024–25 பருவம் தொடங்குமுன், என்பிஏ கேட்டுக்கொண்டதன்பேரில், இருவழி ஒப்பந்தத்திலும் 10 நாள் ஒப்பந்தத்திலும் ஆடுகிறவர்கள் குறைவாக எடுப்பார்கள் என்று கட்டும் பந்தயத்தைத் தம் பட்டியலிலிருந்தே நீக்கப் பந்தய நிறுவனங்கள் இசைந்தன.